கையொப்பம் இடுமுன்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தியும், நோட்டுப் புத்தகம் வழங்கியும், கல்லூரிக் கட்டணம் கட்டியும் தொண்டு புரிந்து வந்திருக்கிறது. அத்தொண்டின் பயனாக இன்று நம் குடியிருப்பில் பட்டதாரி இல்லாத தெரு இல்லை. இந்த நல்ல நாளில், "குடும்பத்திற்குத் தேவையான சட்ட அறிவு" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள்.

நான் வழக்கறிஞன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆயினும் தலைமையாசிரியரின் அறைக்கு வருவோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவோர் மட்டும் அல்லர். பட்டாவில் ஒரு பெயரும், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயருமாக உள்ள தகப்பனாரின் வாரிசு வருவார். காவல் நிலையத்தில் மகன் இருக்கிறான், அவனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்று சான்று கேட்டுத் தாய் வருவார். அவர்கள் கேட்கும் கேள்விகளே இன்றைய என் உரைக்குப் பொருளாகின்றன. நான் கூறுவது பொதுவான வழிகாட்டுதல். தனிப்பட்ட வழக்கிற்கு வழக்கறிஞரின் ஆலோசனை கட்டாயம் வேண்டும். அதைக் கட்டணமின்றிப் பெறும் வழியையும் பின்னர்க் கூறுவேன்.

நிலமும் நிபந்தனையும்

நம் முன்னோர் இழந்த காணிகளில் எத்தனையோ, கத்தியைக் காட்டிப் பறிக்கப்பட்டவை அல்ல. ஒரு காகிதத்தைக் காட்டிப் பறிக்கப்பட்டவை. "கடனுக்குச் சாட்சி, இங்கே ஒரு கைநாட்டு வை" என்றார்கள், வைத்தார்கள். அது கடன் பத்திரமா, போக்கியமா, கிரையமா என்று படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரெமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை குறித்து 1891-ஆம் ஆண்டு அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பிறந்த அரசாணையின்படி நம் மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. அதையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் அது டி.சி. நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்நிலத்தை நம் வகுப்பினர் அல்லாதாருக்குக் கைமாற்றக் கூடாது என்பது ஒப்படையின் நிபந்தனை. மீறினால் அரசு அதை மீட்கலாம். நிபந்தனை இருந்தும் நிலம் கை மாறியது. 1994-இல் காரணை நிலத்திற்காக நடந்த போராட்டத்தில், செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முந்தைய காகிதத்தின் விலை என்ன என்பதை அந்த உயிர்கள் நமக்குச் சொல்லிச் சென்றன.

ஆகவே இளைஞர்களே, உங்கள் பாட்டனாரின் நிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறியுங்கள். பட்டாவையும் சிட்டாவையும் இப்போது கைபேசியிலேயே பார்க்க இயலும். அதோடு நில்லாமல், பழைய 'ஏ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2005) விண்ணப்பித்துப் பெறுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுங்கள். எவருடைய பெயரில் எந்த ஆண்டு என்ன பத்திரம் பதிவாயிற்று என்பதை அது காட்டிவிடும்.

உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். சொத்து யாருக்கு?"

இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் பொருந்துவது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். ஓர் ஆண் தாமே ஈட்டிய சொத்தை விட்டு இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஒவ்வொருவருக்கும் சமபங்கு உண்டு. இறந்தவருக்குத் தாயும், மனைவியும், இரண்டு மகன்களும், ஒரு மகளும் இருந்தால் சொத்து ஐந்து சம பாகங்களாகும். மகளுக்குத் திருமணம் ஆயிற்றா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. மூதாட்டியாகிய தாயின் பங்கையும் பலர் மறந்துவிடுகிறார்கள், சட்டம் மறக்கவில்லை.

மூதாதையர் வழிக் கூட்டுக் குடும்பச் சொத்தில் முன்பு மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், அதுவரை மணமாகாத மகள்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. 2005-ஆம் ஆண்டின் மத்திய திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளின் உரிமை பிறப்பினால் வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் 2004 டிசம்பர் 20-ஆம் நாளுக்கு முன்னரே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை இதைக் கொண்டு திரும்பத் திறக்க இயலாது.

கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய நம் உறவினர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றி மீதி இரண்டு பங்கும் சேரும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மதமும் தம்பி ஒரு மதமுமாக இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மதம் மாறியவர் அந்தக் காரணத்தால் மட்டும் தம் தந்தையின் சொத்தில் உரிமை இழப்பதில்லை. ஆனால் மதம் மாறிய பின்னர் அவருக்குப் பிறந்த பிள்ளைகள், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாவதில் தடை உண்டு. இத்தகைய குடும்பங்களுக்கு உயில் மிகவும் இன்றியமையாதது.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, மணமான மகளின் பெயரை விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இல்லையா? "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று கூறி, திருவிழாவுக்கு வந்த தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இல்லையா? படிக்கத் தெரியாத பாட்டனாரிடம் மாற்றார் கைநாட்டு வாங்கியதற்கும், படிக்க விடாமல் தங்கையிடம் கையெழுத்து வாங்குவதற்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது?

பெண்களின் சொத்துரிமையை உள்ளடக்கிய இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து அயராது உழைத்தார். அது நிறைவேறாமல் தடைப்பட்டது, 1951-இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அவருடைய படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, அதே கூடத்தில் அமர்ந்து தங்கையின் பங்கை எழுதி வாங்குவது நமக்கு அழகன்று. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பாளாயின் அது அவளது பெருந்தன்மை. ஆனால் பத்திரத்தை முழுமையாகப் படித்து, தன் பங்கின் மதிப்பை அறிந்து, யோசிக்க நாள் எடுத்துக்கொண்ட பின்னரே அவள் கையொப்பமிட வேண்டும்.

உயில் எழுதும் முறை

உயில் என்றவுடன் பணக்காரர் விவகாரம் என்று நினைக்கிறோம். மூன்று சென்ட் மனையும் ஓட்டு வீடும் உள்ளவருக்கே அது மிகவும் தேவை. சிறிய சொத்தை வழக்கில் தொலைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதலாம். எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவர் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் பதிவு செய்தால் போலி உயில் என்ற வாதத்திற்கு இடம் குறையும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். முறையாக எழுதப்பட்ட கடைசி உயிலே செல்லும்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கச் சாட்சிகளில் ஒருவரேனும் வந்து கூற வேண்டியிருக்கும். ஆதலால் எண்பது வயதுப் பெரியவரைவிட, ஊரில் நிலையாக வாழும் நடுத்தர வயதினரே ஏற்றவர். "சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்" என்னும் பழமொழி அனுபவத்தில் பிறந்தது.

உயில் ஒருவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வரும். தானசெட்டில்மெண்ட் பத்திரமோ பதிவான உடனே சொத்தைக் கைமாற்றிவிடும். இவ்வேறுபாட்டை அறியாமல், வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டு அதே வீட்டின் திண்ணையில் சோற்றுக்குக் காத்திருக்கும் பெற்றோரை நாம் காண்கிறோம். செட்டில்மெண்ட் எழுதியே தீர வேண்டுமாயின், "என் ஆயுள் வரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அந்நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் (2007) கீழ்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

திருமணமும் பதிவும்

சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் செல்லுபடியாகும் திருமணமாயிற்று. ஆனால் எம்முறையில் நடந்தாலும், 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். கணவனை இழந்த பெண் ஓய்வூதியம், கருணை அடிப்படை வேலை, இழப்பீடு ஆகியவற்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும்போதுதான் அப்பதிவின் அருமை தெரியும்.

முதல் மனைவி உயிரோடிருக்க, விவாகரத்துப் பெறாமல் செய்துகொள்ளும் இரண்டாம் திருமணம் செல்லாது; அது குற்றமுமாகும். அப்பெண் மனைவி என்ற முறையில் கணவனுக்கு வாரிசாக முடியாது. ஆயினும் அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குத் தம் பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பெற்றோர் செய்த பிழைக்குக் குழந்தை தண்டனை பெறுவதில்லை.

காவல் நிலையமும் நம் இளைஞர்களும்

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பெயர்களும் பிரிவு எண்களும் மாறின. நாம் அறிய வேண்டிய அடிப்படை உரிமைகள் மாறவில்லை.

முதலில், நாம் பாதிக்கப்பட்டவராயின் செய்ய வேண்டியது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகாரை எந்தக் காவல் நிலையமும் பெற வேண்டும். எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுங்கள். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ரசீதைப் பாதுகாத்து வையுங்கள். அதற்கும் பலனில்லையெனில் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம்.

சாதியின் பேரால் இழைக்கப்படும் கொடுமைக்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. அது 2015-இலும் 2018-இலும் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. வழக்குப் பதிய முன் விசாரணை தேவையில்லை. புலன் விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். விதிகளின்படி நிவாரணத் தொகையும் உண்டு. ஆயினும் வழக்கு நிற்பதும் வீழ்வதும் பெரும்பாலும் முதல் புகாரின் வாசகத்தைப் பொறுத்தது. நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். இழிசொல் கூறிய வழக்கில், அது பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்ததா என்பது நீதிமன்றம் கேட்கும் முதற்கேள்வி. இல்லாததைச் சேர்த்தால், உண்மையும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

இனி, நம்மீது வழக்கு வந்தால் என்ன செய்வது? நாம் புகார் கொடுத்த மறுநாளே நம் பிள்ளைகள்மீது எதிர் வழக்கு வருவது நாம் அறியாததன்று. அரசியலமைப்பின் 22-ஆம் ஷரத்து மூன்று உரிமைகளை அளிக்கிறது. கைதின் காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். கைதான செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பதும் காவல் துறையின் கடமை. காவல் துறையிடம் அளிக்கும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையொப்பம் வாங்கக் கூடாது என்பது சட்டம். காவல் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை, ஒப்புக்கொண்டவருக்கு எதிரான சாட்சியமாக நிரூபிக்கவும் முடியாது. எழுதாத வெள்ளைத் தாளில் எவர் கேட்டாலும் கையொப்பமிடாதீர்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கலாகாது. அவன் வயதில் ஐயம் எழுந்தால், பள்ளியின் பிறந்த தேதிச் சான்று முதல் வரிசை ஆதாரங்களுள் ஒன்று. பெற்றோர்களே, சேர்க்கையின்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லாதீர்கள். ஒருநாள் உங்கள் மகன் சிறுவனா, பெரியவனா என்பதை அந்த ஒரு வரி முடிவு செய்யக்கூடும்.

அரசு வேலைக்கு முயலும் இளைஞர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் பதிக்க வேண்டுகிறேன். சிறு வழக்கொன்றில், "குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டுப் போ, வேலை முடிந்தது" என்று யாரேனும் கூறுவர். முடியவில்லை, அது தண்டனையாகப் பதிவாகிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில் வழக்குகளைப் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சிறிய வழக்கைக்கூட அலுவலகம் மன்னிக்க வழியுண்டு. மறைத்ததே பணிநீக்கத்திற்குக் காரணமாகிவிடும். நியாயத்திற்காகப் போராடிய பிள்ளையின் வாழ்வு ஒரு படிவத்தின் கட்டத்தில் முடங்கக் கூடாது.

கட்டணமில்லாத வழக்கறிஞர்

"இத்தனைக்கும் பணம் வேண்டுமே ஐயா" என்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்போருக்கும் அவ்வாறே. வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. சாதிச் சான்றிதழின் நகலோடு ஒரு வெள்ளைத் தாள் மனு போதும். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம். இது சலுகையன்று, அரசியலமைப்பின் 39-ஏ ஷரத்தில் வேரூன்றிய உரிமை.

செய்ய வேண்டிய பணி

வெள்ளி விழா ஆண்டில் இச்சங்கத்தின் இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தகரப் பெட்டியிலோ, மஞ்சள் பையிலோ காகிதங்கள் உறங்குகின்றன. பத்திரம், பட்டா, வரி ரசீது, சாதிச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஆகிய அனைத்தையும் எடுத்து, தாய் தந்தையர் காதில் விழுமாறு உரக்கப் படியுங்கள். ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். அப்பட்டியலைப் பிள்ளைகள் அனைவருக்கும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வாரந்தோறும் ஒரு மாலை இச்சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, எவர் கொண்டுவரும் காகிதத்தையும் படித்துச் சொல்லும் பணியைப் பட்டதாரிகள் ஏற்க வேண்டும் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீட்டில் முதன்முதலாகப் படித்தவர் பெற்ற கல்வி, அவருக்கு வேலை வாங்கித் தந்ததோடு முடிந்துவிடலாகாது. படிக்காத அண்டை வீட்டாரின் கை மையில் தோயுமுன், "சற்றுப் பொறுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்" என்று தடுக்கும் குரலாகவும் அது இருத்தல் வேண்டும். அக்குரல் நம் குடியிருப்பின் ஒவ்வொரு தெருவிலும் ஒலிக்குமாயின், இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று இச்சங்கம் பெருமை கொள்ளலாம்.